முதல் எழுத்தை விழுங்கும் கேட்வே: ரேடியோவை நெட்வொர்க்கில் ஓடவிட்ட நீண்ட நாள் அனுபவம்

ரேடியோ பேச்சை இணையம் வழியே அனுப்பும் இந்த கேட்வே பெட்டியின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். எத்தனை போர்ட், எந்தெந்த கோடெக் (ஒலியை எண்ணாக்கும் முறை) என்பதெல்லாம் விவரப் பட்டியலில் இருக்கிறது, அதைத் திருப்பிச் சொல்லப்போவதில்லை. என்னிடம் இது ஒரு ரிப்பீட்டரையும் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) தொலைவில் இருக்கும் இன்னொரு ரேடியோவையும் இணையம் வழியே சேர்க்கிறது. இரண்டு முனையிலும் இதே பெட்டிதான். இரவு பகலாக ஓடுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் கோபம் வரும், அப்போது விட்டுப்போகும்.

ஒலி அருமையாக இருக்கிறது. ஆடியோ உள்ளே வரும் இடத்திலும் வெளியே போகும் இடத்திலும் 600 ஓம் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (இரண்டு பக்கத்தையும் நேரடிக் கம்பித் தொடர்பில்லாமல் பிரிப்பது) வைத்திருக்கிறார்கள். ரேடியோவுக்கு ஒரு பவர் சப்ளை, ரவுட்டருக்கு இன்னொன்று என்றால் கிரவுண்ட் லூப் (தரைக்கம்பிகள் வழியே உண்டாகும் வேண்டாத மின்சுற்று) உண்டாகி அடியில் ஹம் என்ற ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் அது சுத்தமாக இல்லை. மறுமுனையில் பேசுகிறவரின் குரலை அடையாளம் கண்டுவிடலாம், அவர் இருமுவதற்கு முன் இழுக்கும் மூச்சு கூடக் கேட்கும்.

இன்னொன்று நான் எதிர்பாராதது. இரண்டு முனையிலும் ஒலியை எண்ணாக மாற்றும் கடிகாரங்கள் ஒருபோதும் ஒன்றுபோல ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், விடாமல் ஓடும் ஸ்ட்ரீமில் ஒரு மணி நேரத்தில் 180 மில்லி வினாடி விலகிப்போகும். மலிவான சாதனங்களில் நேரம் ஆக ஆகத் தாமதம் ஏறிக்கொண்டே போவதும், திடீரென்று ஒரு துண்டு ஆடியோ காணாமல் போவதும் இதனால்தான். இந்தப் பெட்டி பேச்சுக்கு நடுவே வரும் மௌனத்தில் சத்தமில்லாமல் அதைச் சரிசெய்துகொள்கிறது. காலையில் இருந்த தாமதம்தான் ராத்திரியும் இருக்கும். இதை வடிவமைத்தவர் யாரோ, தொழில் தெரிந்தவர்.

ஆரம்பத்தில் ஒருவழி ஆடியோ பிரச்சினை வந்தது. நான் பேசுவது அங்கே கேட்கும், அங்கிருந்து எதுவும் வராது. இது இந்தப் பெட்டிக்கு மட்டும் உரிய குறை இல்லை. எஸ்ஐபி (இணைய அழைப்பை ஏற்படுத்தும் முறை) செய்திக்குள் வீட்டு நெட்வொர்க்கின் 192.168 முகவரி அப்படியே போய்விட்டால் மறுமுனைக்கு ஆடியோவை எங்கே அனுப்புவது என்று தெரியாது. ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி (அந்தச் செய்திகளை ரவுட்டரே திருத்தும் வசதி) ஓடினால் குழப்பம் இன்னும் கூடும். அதோடு பல ரவுட்டர்கள் 30 வினாடி பாக்கெட் எதுவும் போகவில்லை என்றால் ஆடியோ பாக்கெட்டுகள் போகும் யுடிபி வழியை மூடிவிடும். ரேடியோவில் 30 வினாடி மௌனம் என்பது சாதாரணம். ஏஎல்ஜியை அணைத்துவிட்டு, இரண்டு முனையையும் வயர்கார்டு விபிஎன்னில் (இரண்டையும் ஒரே தனி நெட்வொர்க்காக்கும் மென்பொருள்) போட்டு, வழி மூடாமல் இருக்க அனுப்பும் கீப்அலைவை 25 வினாடி வைத்தேன். அதோடு தீர்ந்தது, பிறகு தலைகாட்டவே இல்லை.

தீராதது ஒன்றே ஒன்று. இந்தப் பெட்டி முதல் எழுத்தை விழுங்குகிறது.

பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தி "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினால் மறுமுனையில் "ரண்டு, மூன்று" என்று வரும். எண்ணிக்கையில் பரவாயில்லை. யாரைக் கூப்பிடுகிறோம் என்பதை நாம் முதலில்தானே சொல்வோம்? அது போய்விடுகிறது. செய்தி முழுசாக வந்துசேர்கிறது, யாருக்கு என்பது மட்டும் வருவதில்லை. மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்தால் மூன்று பேரும் அடுத்தவருக்கு என்று நினைத்துப் பேசாமல் இருக்கிறார்கள்.

யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் ஆலோசனை "ஜிட்டர் பஃபரைக் கூட்டுங்கள்" என்பதுதான். இதற்கு அது பிரயோஜனமே இல்லை. ஜிட்டர் பஃபர் முன்பின்னாக வரும் பாக்கெட்டுகளைச் சமன்செய்ய ஆடியோவைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தாமதம் வேறு, இழப்பு வேறு. அரை வினாடி தாமதமாக வந்தாலும் "ஒன்று" என்பது "ஒன்று" என்றே வர வேண்டும். முதல் எழுத்து போகிறது என்றால், வழியில் எங்கோ ஒரு கதவு திறப்பதற்குள் ஆடியோ வந்து மோதிவிட்டது என்று அர்த்தம். எந்தக் கதவு என்றுதான் தேட வேண்டும்.

தேடுவதற்கு எளிய வழி உண்டு. ஆடியோவை அனுப்புகிற முனையில் வயர்ஷார்க்கை (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) ஓடவிட்டு, பேசுகிறவரை ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். ஜி.711 கோடெக் என்பதால் ஆடியோ ஓடும்போது வினாடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 20 மில்லி வினாடி ஆடியோ, அதாவது 160 பைட். மறுமுனையிலும் அதேபோலப் பிடித்து ஒப்பிட்டேன். வரிசை எண்ணில் ஒரு இடைவெளி கூட இல்லை. ஜிட்டரும் (பாக்கெட் வரும் நேரத்தின் ஏற்ற இறக்கம்) ஒற்றை இலக்க மில்லி வினாடிதான். நெட்வொர்க் மேல் ஒரு குற்றமும் இல்லை. அப்புறம் மார்க்கர் பிட் (பேச்சின் தொடக்கத்தைக் காட்டும் குறி) உள்ள முதல் பாக்கெட்டிலிருந்து அந்த ஸ்ட்ரீமை வயர்ஷார்க்கிலேயே இயக்கிக் கேட்டேன். "ன்று, இரண்டு, மூன்று." ஆக, நெட்வொர்க்குக்குள் நுழையும் முன்பே "ஒ" போயிருக்கிறது. மீதியிருந்த "ன்று" பத்திரமாக மறுமுனை வரை வந்திருக்கிறது, ஆனால் அங்கே கையில் இருந்த வாக்கி டாக்கியில் அதுவும் இல்லை, அடுத்த "இ"யும் இல்லை. இழப்பு இரண்டு இடத்தில்.

முதல் இடம், ரிசீவர் பக்கம். சிடிசிஎஸ்எஸ் டோனை (பேச்சோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த அடையாள ஒலி) உறுதிசெய்த பிறகுதான் ரேடியோ ஸ்க்வெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்து வைக்கும் கதவு) திறக்கிறது. அதற்குக் கிட்டத்தட்ட கால் வினாடி ஆகலாம். டோன் தாழ்வாக இருந்தால் இன்னும் இழுக்கும், ஏனென்றால் தாழ்ந்த அலையில் போதுமான சுற்றுகளை எண்ணி முடிக்கவே அதிக நேரம் வேண்டும். எங்களுடையது 67.0 ஹெர்ட்ஸ், வழக்கமான வரிசையிலேயே மிகத் தாழ்ந்தது. 141.3-க்கு மாற்றினோம், எல்லோருடைய ரேடியோவையும் மறுபடி புரோகிராம் செய்ய வேண்டியிருந்தது. பலன் காதுக்கே தெரிந்தது.

இரண்டாவது இடம், மறுமுனை டிரான்ஸ்மிட்டர். முதல் பாக்கெட் வந்ததும் கேட்வே பிடிடியை இழுத்து டிரான்ஸ்மிட்டரை இயக்குகிறது. டிரான்ஸ்மிட்டர் முழு சக்திக்கு வர வேண்டும், கேட்கிறவர்களின் ரேடியோவும் டோனைக் கண்டுபிடித்துத் திறக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 300 மில்லி வினாடியைத் தாண்டிவிடும். ஆடியோ அதுவரை காத்திருக்க வேண்டும். இதற்கென்றே ஒரு அமைப்பு கேட்வேயில் இருக்கிறது, பிடிடி அழுத்திய பிறகு ஆடியோவை இவ்வளவு நேரம் நிறுத்திவை என்று சொல்லலாம். அதன் உச்ச அளவு 100 மில்லி வினாடி! அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இவ்வளவு நல்ல டிரான்ஸ்ஃபார்மர் போட்டவர்கள், கடிகார விலகலைக்கூட யோசித்தவர்கள், ஒரு மெனுவில் 500 என்று அனுமதிக்க மாட்டார்களா? எட்டு கிலோஹெர்ட்ஸ் ஜி.711-இல் அரை வினாடி ஆடியோ என்பது 4,000 பைட். இந்தக் காலத்தில் எந்தப் பெட்டியிலும் அதற்கு இடம் இல்லாமல் போகாது.

தயாரிப்பாளருக்கு எழுதினேன். வயர்ஷார்க் பதிவையும் சேர்த்தே அனுப்பினேன். எந்தெந்த போர்ட்டைத் திறக்க வேண்டும் என்ற பட்டியல் பதிலாக வந்தது. மறுபடி எழுதினேன், ஒரு பாக்கெட் கூட இழக்கவில்லை என்று படம் போட்டுக் காட்டினேன். உங்கள் இணையச் சேவையாளரைத் தொடர்புகொள்ளுங்கள் என்றார்கள். அதன் பிறகு வந்த ஃபர்ம்வேர் அப்டேட்டில் வலைப்பக்கத்தின் நிறம் மாறியது. 100 அப்படியே இருக்கிறது.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதற்காக இதையும் சொல்கிறேன். கேட்கிறவர்களின் வாக்கி டாக்கியும் இதில் பங்காளி. பேட்டரி சேவர் போட்டிருந்தால் ரிசீவர் தூங்கித் தூங்கி விழிக்கும், பேச்சு தொடங்கும் நேரத்தில் தூக்கத்தில் இருந்தால் இன்னும் ஒரு துண்டு போகும். அதை அணைக்கச் சொன்னேன், பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்ற முணுமுணுப்போடு அணைத்தார்கள். முனைகளில் ஒன்று மொபைல் டேட்டாவில் இருந்தாலும் தொடக்கம் தடுமாறும். சும்மா கிடந்த மோடம் இணைப்புக்குத் திரும்பச் சற்று நேரம் எடுக்கும், அந்த நேரத்து பாக்கெட்டுகள் தாமதமாக வந்தால் ஜிட்டர் பஃபர் அவற்றைத் தூக்கி எறிந்துவிடும். அங்கே மட்டும் பஃபரைக் கூட்டுவதில் அர்த்தம் உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு சிறிய கணினியில் சிஎம்108 சிப் உள்ள யுஎஸ்பி சவுண்டு அடாப்டரை மாட்டி, ஜிம் டிக்சன் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளுக்காக எழுதிய ஆப்_ஆர்பிடி மென்பொருளை ஓடவிட்டேன். ஹாம் ரேடியோக்களை இணையத்தில் சேர்க்கும் ஆல்ஸ்டார்லிங்க்கில் ஓடுவது இதுதான். ரிசீவரின் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து (சிக்னலை ஒலியாக மாற்றும் பகுதி) ஸ்க்வெல்ச் வழியாகப் போகாத ஆடியோவை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆடியோவைச் சில நூறு மில்லி வினாடி பிடித்து வைக்கும் வசதி அதில் இருக்கிறது. டோன் உறுதியாகி, மறுமுனைக்குப் பிடிடி போய்ச் சேர்ந்து, அதற்குப் பின்னால்தான் ஆடியோ வருகிறது. "ஒன்று, இரண்டு, மூன்று." முழுசாக. அந்த "ஒ"வைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஹம் இருந்தது, கரண்ட் போய் வந்தபோது மெமரி கார்டு கெட்டது, டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலேயே இருந்ததால் ஆர்எஃப் (ரேடியோ அலை) புகுந்து யுஎஸ்பி தொங்கியது. ஃபெரைட் (ரேடியோ அலையைத் தடுக்க கேபிளில் போடும் வளையம்) மாட்டிய பிறகு குறைந்தது, முழுசாக நிற்கவில்லை. கேட்வே இத்தனை காலத்தில் ஒருமுறை கூடத் தொங்கியதில்லை. அதன் பவர் அடாப்டர் ஒன்று போனது, 12 வோல்ட்டில் வேறொன்றை மாட்டினேன், முடிந்தது. அதனால் ரிப்பீட்டர் இருக்கும் இடத்தில் இன்றும் கேட்வேதான் இருக்கிறது, அதைக் கழற்றும் எண்ணமும் இல்லை.

எங்கள் குழுவில் எல்லோரும் இப்போது பிடிடியை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் பேசுகிறார்கள். பழகிவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புதிதாக வருகிறவருக்கு அது தெரியாது. பதற்றத்தில் கூப்பிடுகிறவர் மூச்சு விட்டுக்கொண்டு நிற்க மாட்டார், நிற்கவும் கூடாது. அந்தச் சமயத்துக்காகத்தானே ரேடியோவை வைத்திருக்கிறோம்?

நண்பருக்கு என் பதில்: ஒலி, உழைப்பு, உறுதி மூன்றிலும் இதற்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். இருந்தாலும் வாங்காதீர்கள், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வேறு எதைப் பார்த்தாலும், பணம் கட்டும் முன் விற்பவரிடம் இரண்டு எண்ணைக் கேளுங்கள்: பிடிடிக்குப் பிறகு ஆடியோவை அதிகபட்சம் எத்தனை மில்லி வினாடி நிறுத்தலாம், ஸ்க்வெல்ச் திறப்பதற்கு முந்தைய ஆடியோவில் எவ்வளவு பிடித்து வைக்கும். முதலாவது 500, இரண்டாவது 300 இருந்தால் வாங்குங்கள்.