டூர் டிரைவரும் சாதாரண டிரைவரும்: பதினெட்டு மாத அனுபவம்

என்னிடம் இரண்டு டிரைவர் இருப்பதாகச் சொன்னால், "உங்கள் வீட்டில் ஒரு கார்தானே இருக்கிறது?" என்பார் மாமனார். நான் சொல்வது கோல்ஃபில் முதல் அடியைத் தொலைவுக்கு அடிக்கும் மட்டையை. ஒரே நிறுவனம், ஒரே வரிசை; ஒன்று சாதாரண மாடல், மற்றொன்று தேர்ந்த ஆட்டக்காரர்களை மனதில் வைத்துச் செய்த டூர் மாடல். பதினெட்டு மாதங்களாக நந்தனம் காஸ்மோபாலிட்டன் மைதானத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி அடித்து வருகிறேன். என் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறைய குறைய நல்லது) 14, மட்டையைச் சுழற்றும் ஸ்விங் வேகம் மணிக்கு 92 மைல். 105 மைலில் சுழற்றுபவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது.

முதல் மூன்று மாத ஒப்பீட்டைக் குப்பையில்தான் போட வேண்டும். டூர் மாடலில் 65 கிராம் ஸ்டிஃப் (விறைப்பான) ஷாஃப்ட், அதாவது மட்டையின் தண்டு; சாதாரணத்தில் 50 கிராம் ரெகுலர், கொஞ்சம் அதிகம் வளைவது. நான் தலையை ஒப்பிடுவதாக நினைத்து ஷாஃப்டை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரே ஷாஃப்டை இரண்டு தலைகளிலும் மாற்றி மாட்டிய பின்புதான் உண்மை தெரிந்தது.

விதிப்படி டிரைவர் தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சாதாரண மாடல் அந்த வரம்பிலேயே நிற்கிறது. டூர் தலை 440. பந்தின் பின்னால் வைத்துப் பார்த்தால் முன்னது தோசைக்கல், பின்னது பேரிக்காய். அழகு டூருக்குத்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் எடை, பந்தில் படும் முகத்துக்கு அருகில் இருப்பதால் ஸ்பின் (பந்தின் பின்சுழற்சி) குறைகிறது; கூடவே, நடு தவறினால் தலை எளிதில் திரும்பிவிடுகிறது. சாதாரண மாடலில் எடை பின்னால் தள்ளி இருக்கிறது. பந்து உயரமாக எழும், தவறுக்கும் மன்னிப்பு உண்டு.

நடுவில் பட்டால் டூர் எனக்கு ஆறு, ஏழு கெஜம் கூடுதலாகத் தருகிறது. நுனியில் பட்டால் இருபது கெஜத்தைப் பறித்துக்கொள்கிறது. வலப்பக்க மரங்களுக்குள் தேடப் போவதும் டூர் அடிக்கும் நாட்களில்தான். பத்துக்கு நான்கு முறை நடுவில் அடிப்பவன் நான். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் சென்னையின் பருவமும் சேர்ந்துகொள்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் தரை காய்ந்து கிடக்கும். தாழ்வாகப் போகும் டூர் பந்து விழுந்த பிறகும் ஓடும். பிற்பகலில் கடற்காற்று எதிரே வந்தால் சாதாரண மாடலின் பந்து பட்டம்போல மேலே நின்றுவிடும், டூர் பந்து காற்றைக் கிழித்துச் செல்லும். அக்டோபர் மழை தொடங்கியதும் கதை தலைகீழ். ஈரமான ஃபேர்வேயில் (வெட்டிய புல்வெளியில்) பந்து விழுந்த இடத்திலேயே புதைகிறது. காற்றில் எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவுதான் மிச்சம். அந்த மூன்று மாதமும் டூர் வீட்டில் ஓய்வெடுக்கிறது. "சார், பெரிய தலையையே எடுத்து வாருங்கள்" என்று என் மட்டைப் பையைச் சுமக்கும் கேடி மழைக்கு முன்பே சொல்லிவிட்டார்.

சத்தம் பற்றிக் கேட்பவர்களுக்கு: டூர் சற்று மந்தம், அவ்வளவே.

வாங்குவதாக இருந்தால் டூரில் 9 டிகிரி லாஃப்ட் (முகத்தின் சாய்வு) வேண்டாம், 10.5 எடுங்கள். நான் 9 வாங்கி, பந்து எழாமல் தவித்து, கழுத்துத் திருகில் லாஃப்டை ஏற்றினேன். ஏற்றினால் முகமும் லேசாக இடப்பக்கம் மூடும். பந்து வலப்பக்கம் வளைந்தோடும் என் ஸ்லைஸுக்கு அது நல்லதுதான். பின்னால் கனமான திருகு எடை ஒன்றும் போட்டேன். ஆக, கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய டூர் மாடலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரண மாடலாக்கிக்கொண்டிருக்கிறேன்.