பேப்பர் பக்கா, கார்ப்பெட்டுக்கு அடியில் ஏரி வண்டல்: செகண்ட் ஹேண்ட் செடான் பார்க்கிறவர்கள் படிக்கவும்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். 2024 ஜூன் மாதம் அவிநாசி ரோட்டில் ஒரு கார் கன்சல்டிங்கில் 6 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கிய செடான், சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. அது தெரிய வருவதற்குள் நான்கு மாதம் அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சுற்றிவிட்டோம்.

பெருமாநல்லூர் பக்கம் நானும் வீட்டுக்காரரும் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறோம். வீட்டில் மாமனாரோடு சேர்த்து ஐந்து பேர். மாமாவை மாதம் ஒருமுறை கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். பதினோரு வருசம் ஓட்டிய சின்னக் காரில் அவர் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் பெரிய வண்டி எடுக்க முடிவு செய்தோம். ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டுக்குப் போனால் போகும்போது சீர்த்தட்டு, வரும்போது தேங்காய் மூட்டை. அதனால் டிக்கி தனியாக இருக்கும் வண்டிதான் வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே எண்ணம்.

இரண்டு மாதம் நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தோம். சியாஸ், சிட்டி இரண்டிலும் டிக்கி 510 லிட்டர். சியாஸில் பின் சீட்டில் கால் நீட்ட நல்ல இடம். வெர்னா ஓட்ட அருமை, ஆனால் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு மாமா வேண்டாம் என்றுவிட்டார். வருசத்துக்கு 10,000 கிலோமீட்டர்கூட ஓட்டாத நமக்கு டீசல் எதற்கு என்று பெட்ரோலுக்கு வந்தோம். கடைசியில் எந்த மாடல் எடுத்தோம் என்பதை இங்கே எழுதவில்லை. தப்பு வண்டியைத் தயாரித்த கம்பெனி மேல் இல்லை. மாடலைப் பற்றி அவ்வளவு விசாரித்த நாங்கள், வாங்கப் போகிற அந்த ஒரு வண்டி இதுவரை எங்கே நின்றது என்று விசாரிக்கவே இல்லை.

அது 2019 மாடல், சென்னை ரிஜிஸ்ட்ரேஷன். “சென்னை வண்டிங்களாண்ணா?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“ஆமாங்கண்ணா. ஐ.டி. கம்பெனி சார் ஒருத்தரு வெச்சிருந்தது. வீடு உட்டா ஆபீஸ், ஆபீஸ் உட்டா வீடு. பாரின் போறாருன்னு குடுத்துட்டாரு. சிங்கிள் ஓனர், பேப்பர் பக்கா. அக்கா, நீங்களே ஆப்புல போட்டுப் பாத்துக்குங்க.”

அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஓனர், கடன் இல்லை, எப்.சி. இருக்கிறது, அபராதம் எதுவும் பாக்கி இல்லை. அவர் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. அதில்தான் ஏமாந்தோம். வண்டி தண்ணீரில் நின்றதா என்று அந்த ஆப் சொல்லாது. ஆர்.சி. புக்கும் சொல்லாது.

அன்றைக்கே கவனித்திருக்க வேண்டியவை இருந்தன. அதே வருச மாடல் வேறெங்கும் ஏழரை லட்சத்துக்குக் குறைந்து கிடைக்கவில்லை, இங்கே மட்டும் 65 ஆயிரம் கம்மி. ஐந்து வருச வண்டிக்குப் புத்தம் புது சீட் கவர், புது மேட். உள்ளே மூன்று இடத்தில் சென்ட் டப்பா. இன்சூரன்ஸ் 2024 ஏப்ரலில் புதிதாக எடுத்தது, அதுவும் தேர்ட் பார்ட்டி மட்டும். முந்தைய பாலிசி எங்கே என்று கேட்டேன். “அது பழைய ஓனர்கிட்ட இருக்குதுங்க்கா, வாங்கித் தாறோம்” என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

ஆடி மாதத்திலேயே ஏ.சி. போட்டதும் முதல் இரண்டு நிமிசம் நனைந்த சாக்கு வாசம் அடிக்க ஆரம்பித்தது. ஃபில்டர் மாற்றினோம். பின்பக்கக் கண்ணாடி பாதியில் நின்றது, மோட்டார் மாற்றினோம். ஒருநாள் விஜயமங்கலம் டோல்கேட் தாண்டியதும் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. வண்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிட்டது. பழைய வண்டி என்றால் சில்லறைச் செலவு வரத்தானே செய்யும் என்று நாங்களே எங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சின்னவள் காதுத் தோடு கழன்று முன் சீட்டுக்கு அடியில் விழுந்துவிட்டது. தங்கத்தோடு. மேட்டை எடுத்து, சீட் ஓடும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி விரலை விட்டுத் துழாவினேன். விரல் முழுக்க சந்தனம் குழைத்த மாதிரி ஒரு மண், மாவைவிட நைசாக ஒட்டிக்கொண்டு வந்தது. தோடு கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மண் என்னவோ போல இருந்ததால் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் காட்டினேன்.

மாமா கோபி பக்கத்துக்காரர். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நாற்பது வருசம் நெல் வைத்தவர். கண் மங்கல்தான். மண்ணை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தார், எச்சில் தொட்டு மறுபடி தேய்த்தார்.

“இது ரோட்டு மண்ணில்ல கண்ணு. தண்ணி நின்னு மெதுவா வடிஞ்சா அடியில படியற வண்டலு. இந்த வண்டி தண்ணிக்குள்ள நின்னிருக்குது.”

மறுநாள் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணனிடம் விட்டோம். முதல் வேலையாக சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். நாம் யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. உள்ளே சுருண்டிருந்த பகுதியில் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு, வேட்டியில் செம்மண் தண்ணீர் ஏறிக் காய்ந்த மாதிரி. சீட்டைக் கழற்றினால் போல்ட்டெல்லாம் துரு. அடியில் ஏர்பேக் ஒயருக்கான மஞ்சள் சாக்கெட்டைப் பிரித்தார், பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியின் மூலையிலும் அதே வண்டல்.

அதன் பிறகு அவர் காட்டியதை நினைத்தால் எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. சாவி போட்டதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எங்கள் வண்டியில் அது எரியவே இல்லை. நாங்கள் அதைக் கவனித்ததும் இல்லை. மீட்டரைக் கழற்றிப் பார்த்தால் அந்த விளக்கு இருக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டி கியர் லீவருக்குக் கீழே, தரையோடு தரையாக இருக்கிறது. தண்ணீரில் அது போய்விட்டது. மாற்றுவதற்குப் பதில் விளக்கை மறைத்திருக்கிறார்கள். நான்கு மாதமும் மாமா முன் சீட்டில்தான் உட்கார்ந்து வந்தார்.

ஆர்.சி. அதற்குள் எங்கள் பெயருக்கு மாறியிருந்ததால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஹிஸ்டரி கேட்டோம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழை முடிந்த அடுத்த வாரம், சென்னையில் வண்டியைக் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே புகுந்தது என்று எழுதி எஸ்டிமேட் போட்டதோடு சரி. வேலை எதுவும் நடக்கவில்லை. இந்தப் பதிவைப் பணம் கொடுப்பதற்கு முன்பே, ஓனர் மூலமாக வாங்கித் தரச் சொல்லி நாங்கள் கேட்டிருக்க வேண்டும். தர மறுத்தால் அந்த வண்டியே வேண்டாம் என்று வந்திருக்க வேண்டும்.

இதில் நடப்பது என்ன என்று வக்கீல் விளக்கிச் சொன்னார். ரிப்பேர் செலவு வண்டியின் ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் என்று முடிப்பார்கள். ஓனருக்குப் பணம் போய்விடும், வண்டி கிடக்கிற நிலையில் ஏலத்துக்குப் போகும். எடுக்கிறவர் பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரங்களில் ஓனர் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, கழுவிக் காயவைத்து, சீட் கவர் போட்டு வெளியூருக்குத் தள்ளிவிடுவார். நடுவில் எத்தனை கை மாறினாலும் ஆர்.சி.யில் பழைய ஓனர் பெயரிலிருந்து நேராக நம் பெயருக்கு வரும். சிங்கிள் ஓனர் என்பது அப்படித்தான் பொய்யில்லாமல் நிற்கிறது. எங்கள் வண்டியும் இதே வழியில்தான் வந்திருக்க வேண்டும் என்கிறார்.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். ஓனர் வண்டியை அவர்களிடம் ஒப்படைக்கும்போது 29சி ஃபாரத்தில் தெரிவிக்கவும் வேண்டும். எங்களுக்கு விற்றவரிடம் சான்று இல்லை. போனதும் முதலில் அதைக் கேளுங்கள். முந்தைய வருசங்களின் பாலிசி நகலையும் வாங்கி நோ கிளைம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். கிளைம் போடாத வண்டிக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருசா வருசம் ஏறும். திடீரென்று பூஜ்யம் ஆகியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பம்பர் உரசலுக்குக்கூடப் போட்டிருக்கலாம், உடனே வெள்ளம் என்று அர்த்தமில்லை. ஆனால் பதில் பேப்பரில் வர வேண்டும், வாயில் வந்தால் போதாது. வண்டியைப் பார்க்க மத்தியானம் போங்கள், எல்லாக் கண்ணாடியும் ஏற்றியபடி வெயிலில் அரைமணி நேரம் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, சென்ட் டப்பாவை எடுத்த பிறகு உள்ளே உட்கார்ந்து வாசம் பாருங்கள். நம்பிக்கையான எலக்ட்ரீசியன் ஒருவரை ஆயிரம் ரெண்டாயிரம் கொடுத்தாவது கூட்டிப் போங்கள்.

கன்சல்டிங்குக்குத் திரும்பப் போனபோது, “ஓட்டிப் பாத்துத்தானுங்க எடுத்தீங்க?” என்று டெலிவரி நோட்டை நீட்டினார்கள். ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரிக்குக் கீழே வீட்டுக்காரர் கையெழுத்து. அன்றைக்கு அதை வாசிக்காமல் போட்டோம். மூன்று முறை நடந்தோம், மூன்றாவது முறை கன்சல்டிங் ஓனர் வெளியே வரவே இல்லை.

வக்கீல் நோட்டீசுக்குப் பதில் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். எங்கள் தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய்தான், 5 லட்சம் வரைக்கும் அதுவும் கிடையாது. பிரச்சனை வந்ததிலிருந்து இரண்டு வருசத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். என்ன செய்வதென்று தெரியாதவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்தால் வழி சொல்கிறார்கள்.

வண்டி இப்போது யூனிட்டுக்குப் பின்னால் சீட் கழற்றிய நிலையிலேயே நிற்கிறது. வக்கீல் எதையும் தொட வேண்டாம் என்றிருக்கிறார். மாமாவை மாதாமாதம் பழைய சின்னக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். அன்றைக்கு என் விரலில் வந்த மண்ணை அவர் ஒரு விபூதி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார், அடுத்த வாய்தாவுக்குக் கொண்டு வருவேன் என்கிறார்.