தம்பலகாமத்துப் பழைய வீடும் பறிபோன 18 இலட்சமும்: தயவுசெய்து வாசியுங்கோ

18 இலட்சம் ரூபா. அதை வாங்கிய கட்டட வேலைக்காரர்கள் இன்று காலை வட்ஸ்அப்பிலும் என்னைப் ப்ளொக் பண்ணிவிட்டார்கள். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். திருகோணமலைப் பக்கம் பழைய வீடு வைத்திருக்கிற எல்லாரும் வாசியுங்கோ. வெளிநாட்டில் இருந்து ஊர் வீட்டுக்குக் காசு அனுப்புகிற ஆட்களுக்கும் அனுப்பிவிடுங்கோ.

பெயரைப் போட வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். பழைய கிராமத்து வீட்டை இடிக்காமல், அதோடு ஒட்டிச் சூழலுக்கு உகந்த புது வீடு கட்டித் தருவோம் என்று முகநூலில் அழகழகான படம் போடுகிற ஒரு கட்டட வேலை நிறுவனம். அந்தப் படங்கள் அவர்கள் கட்டியவைதானா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

எங்கள் வீடு தம்பலகாமத்தில். அம்மாவின் அப்பப்பா கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், நடுவில் முற்றம், சுற்றி விறாந்தை, முதிரைத் தூண், பனை வளை, மேலே ஓடு. சண்டைக் காலத்தில் பூட்டிக் கிடந்தது. 2000 டிசம்பர் சூறாவளியில் ஓடு பறந்ததே தவிர சுவர் அசையவில்லை. கச்சான் காற்று அனலாக அடிக்கிற ஆடி மாதத்திலும் உள்ளே பாயைப் போட்டு நிம்மதியாகப் படுக்கலாம். இப்படி ஒரு வீட்டை உடைத்துவிட்டுக் கொங்கிரீட் பெட்டி கட்ட யாருக்கு மனம் வரும்? பழைய வீடு அப்படியே நிற்க, பின்பக்கம் மண்கல்லில் இரண்டு அறையும் குசினியும், புதுக் கூரையில் சோலர், மாரி மழையைப் பிடிக்க நிலத்தடித் தாங்கி. இவ்வளவுதான் கேட்டோம். அம்மா ஓய்வு பெற்றபோது மொத்தமாகக் கிடைத்த காசும் கனடாவில் இருந்து தம்பி அனுப்பியதும் சேர்ந்துதான் அந்த 18 இலட்சம்.

அந்த நிறுவனத்து ஆள் வீடு பார்க்க வந்த நாளை நினைத்தால் வயிறு எரிகிறது. மரியாதை கொடுத்து எழுத மனம் வரவில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். சுவரை நகத்தால் சுரண்டி, உதிர்ந்த பொடியை உள்ளங்கையில் வைத்து அம்மாவிடம் காட்டினான். "அம்மா, இது நல்லா நீற்றி வைச்சுப் பூசின சுண்ணாம்பு. நிலத்தில இருந்து ஏறுற ஈரத்தை எடுத்து வெளியில விட்டுடும். இதுக்கு மேல சீமெந்து பூசினா ஈரம் உள்ளுக்க அடைபட்டு, உப்புப் பூத்து, கல்லையே தின்னும். சீமெந்தோட வாறவனை வீட்டுக்குள்ள எடுக்காதேங்கோ." அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் கொடுமை.

பிறகு விறாந்தைத் தரையில் சோக்கால் கணக்குப் போட்டான். 100 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 100 லீற்றர் தண்ணீர். திருகோணமலைக்கு வருசத்துக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர், அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில், ஆகவே தாங்கி இவ்வளவு பெரிசாக வேணும். அந்தக் கணக்கும் சரி. சோலர் தகட்டைப் பழைய ஓட்டின் மேல் ஏற்றக்கூடாது, பனை வளைக்கு அந்தப் பாரம் கூடாது என்றான். அதுவும் சரி. அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "தம்பி, இது என்ர அப்பப்பா கட்டின வீடு, பார்த்துச் செய்யுங்கோ" என்றா. "என்ர வீடு மாதிரித்தான் அம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

வேலை தொடங்க 10 இலட்சம். அடுத்து மண்கல்லுக்கும் சோலருக்கும் 8 இலட்சம், உடனே போட்டால்தான் பழைய விலை என்றான். காசு போன கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில்.

நான் வேலைக்குப் போயிருந்த நேரம் கூலியாட்களை இறக்கி, வடக்குச் சுவர் முழுக்கச் சீமெந்து பூசிவிட்டார்கள். எவன் சுண்ணாம்பைக் கையில் ஏந்திக்கொண்டு பாடம் எடுத்தானோ, அவனுடைய ஆட்கள்! கேட்டால், "அக்கா, இது சீமெந்து இல்ல, சுண்ணாம்புக் கலவை" என்கிறான். வெறும் சீமெந்துப் பைகள் முற்றத்திலேயே கிடக்கின்றன. மழை தொடங்கியதும் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு ஊதிக்கொண்டு வந்தது. விரலால் தட்டினால் உள்ளே பொள்ளல் சத்தம். ஒரு துண்டு கழன்று விழுந்தது. திருப்பிப் பார்த்தேன், எங்கள் செங்கல்லின் முகமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கல்லில் வெள்ளை வெள்ளையாக உப்பு. சூறாவளிக்கு அசையாத சுவர் அது.

மண்கல் என்றால் மண்ணோடு கொஞ்சம் சீமெந்து சேர்த்து இயந்திரத்தில் அழுத்திச் செய்வது. அதற்கு எஸ்.எல்.எஸ். 1382 என்று தரமே இருக்கிறது, விலைப்பட்டியலிலும் அந்த இலக்கத்தைப் போட்டிருந்தான். வந்து இறங்கிய கல்லில் ஒன்றை இரவு வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். விடிய வாளியில் சேறுதான் இருந்தது.

எல்லாவற்றையும்விட மரம். நான்கு முதிரைத் தூணையும் பூவேலை செய்த வாசல் நிலையையும் "கறையான் மருந்து அடிச்சுப் பொலிஷ் பண்ணிக் கொண்டுவாறம்" என்று லொறியில் ஏற்றிப் போனார்கள். இன்றுவரை வரவில்லை. தூண் நின்ற இடத்தில் இரும்பு முட்டு நிற்கிறது. அப்படி வைரமேறிய முதிரையை இனி எந்தக் காசுக்கு வாங்குவது? நான் சொல்கிற 18 இலட்சத்தில் இந்த மரத்தின் பெறுமதி சேரவில்லை.

பிறகு தொடங்கியது சாட்டு. ஓடாவிக்குக் காய்ச்சல். லொறி ஹபரணையில நிக்குது. இஞ்சினியர் கொழும்புக்குப் போயிட்டார், வந்ததும் எடுப்பார். "அக்கா, நீங்க நெடுகக் கோல் எடுத்தா எங்களுக்கு வேலை செய்ய ஏலாது." சோலருக்கு மின்சார சபையில் விண்ணப்பம் போட்டாச்சு என்று ஒரு இலக்கமும் அனுப்பினான். நேரில் போய்க் கேட்டேன். எங்கள் மின்கணக்குக்கு அப்படி ஒரு விண்ணப்பமும் வரவில்லை. அதைச் சொன்னதும் குரல் மாறியது: "ஒப்பந்தத்தை வடிவா வாசியுங்கோ, முற்பணம் திருப்பித் தரப்படாது." அலுவலகத்துக்கு எடுத்தால் ஒரு பெண்பிள்ளை, "அவர் இப்ப இங்க இல்ல, அது அவற்ர தனிப்பட்ட கணக்கு" என்று வைத்துவிட்டாள். முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில், நீங்கள் விரும்பித்தானே காசு போட்டீர்கள், இது சிவில் வழக்கு என்கிறார்கள். 18 இலட்சத்தை விரும்பித் தொலைக்கிற ஆள் எங்கே இருக்கிறது?

என்னென்ன கவனிக்க வேணும் என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, வடக்குப் பக்கத்துக்குத் தார்ப்பாய் கட்ட வேணும். அவசரத்துக்கு இவ்வளவு: தனி ஆளின் கணக்குக்கு ஒரு சதமும் போடாதேங்கோ. கட்டடத்துறைக்கான 'சிடா' அதிகார சபையில் பதிவு இருக்கிறதா என்று நீங்களே விசாரியுங்கோ, அவன் அனுப்புகிற படத்தை நம்பாதேங்கோ. பழைய மரம், கதவு, நிலை எதையும் வளவைத் தாண்ட விடாதேங்கோ, மருந்து அடிப்பதென்றால் முற்றத்தில் வைத்து அடிக்கட்டும். அவர்கள் பூசி ஒரு மாரி கண்ட சுண்ணாம்புச் சுவர் எங்கே இருக்கிறது என்று கேட்டு நேரில் போய்ப் பாருங்கோ. மண்கல்லைத் தண்ணீரில் போட்டுப் பார்த்த பிறகு லொறியை இறக்க விடுங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.

இதே ஆட்களிடம் காசு கொடுத்தவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கோ, சேர்ந்து வழக்குப் போடுவோம். செங்கல்லுக்குச் சேதமில்லாமல் சீமெந்தைக் கழற்றிச் சுண்ணாம்பு பூசத் தெரிந்த மேசன்மார் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கம் இருந்தால் உடனே சொல்லுங்கோ. நான்கு முதிரைத் தூண், மேல்சட்டத்தில் தாமரை கொத்திய நிலை எங்கேயாவது விற்பனைக்கு வந்திருந்தால், தயவுசெய்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ.