ஒரு கிலோவில் எத்தனை திராக்மா? எடை மாற்றுத் தாளுடன் ஐந்து ஆண்டுகள்

பண்டைய கிரேக்க வரலாற்றைப் பற்றித் தமிழில் எழுதி வருவதால், அருங்காட்சியகப் பட்டியல்களிலும் நாணய ஏலக் குறிப்புகளிலும் கிராமில் தரப்படும் எடைகளை, அக்காலக் கிரேக்க எடை அலகுகளும் நாணயப் பெயர்களுமான திராக்மா, ஓபோல் கணக்குக்கு மாற்றிப் பார்க்கும் தேவை எனக்கு அடிக்கடி ஏற்படுகிறது. இதற்காக ஐந்து ஆண்டுகளுக்கு முன் எக்செலில் ஒரு கணக்குத் தாளை நானே அமைத்துக்கொண்டேன். கூடவே 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்றையும் வாங்கினேன். அன்று தொடங்கி இன்றுவரை அந்தத் தாளில் செய்த திருத்தங்களே இந்த அனுபவப் பகிர்வின் உள்ளடக்கம்.

ஏதென்ஸின் எடை முறையில் 6 ஓபோல் சேர்ந்தால் ஒரு திராக்மா, 100 திராக்மா ஒரு மினா, 60 மினா ஒரு தாலந்து. ஓபோல் என்ற சொல் இறைச்சி சுடும் கம்பியையும், திராக்மா என்பது ஒரு கைப்பிடி அளவையும் குறித்தவை. ஆறு கம்பிகள் ஒரு பிடிக்குள் அடங்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இந்த ஆறின் கணக்கு பிறகு மறக்காது. திராக்மாவை 4.3 கிராம் என்று கொண்டால் ஓபோல் சுமார் 0.72 கிராமும், ஆந்தை பொறித்த புகழ்பெற்ற நான்கு திராக்மா வெள்ளி நாணயம் 17.2 கிராமும், மினா 430 கிராமும், தாலந்து 25.8 கிலோவும் ஆகும். அந்த ஆந்தை நாணயத்தை நம் வழக்கில் சொன்னால் இரண்டு பவுனுக்குச் சற்றே கூடுதலான எடை. ஒரு கிலோ என்பது 2 மினா, 32 திராக்மா, 3 ஓபோல். மிச்சம் ஓபோலில் மூன்றில் ஒரு பங்குதான்.

தொடக்கத்தில் இணையத்தில் கிடைக்கும் பொதுவான எடை மாற்றிகளைத்தான் பயன்படுத்தினேன். அவற்றில் 'டிராம்' என்று வருவது பெரும்பாலும் ஆங்கிலேய அளவு; மருந்துக் கடை டிராம் 3.89 கிராம், சந்தை டிராம் 1.77 கிராம். பெயர் கிரேக்கத் திராக்மாவிலிருந்து வந்ததே தவிர எடை வேறு என்பதை அறியாமல், ஒரு கட்டுரை முழுவதையும் தவறான எண்களோடு எழுதி முடித்துப் பின் திருத்த நேர்ந்தது.

என் தாளிலும் ஒரு பெரிய குறை இருந்தது. 12.2 கிராம் எடையுள்ள, ஆமை பொறித்த, ஏதென்ஸுக்கு அருகிலுள்ள ஏஜினா தீவின் நாணயம் ஒன்றின் எடையை உள்ளிட்டபோது 2 திராக்மா 5 ஓபோல் என்ற விடை வந்தது. எந்த நகரமும் அப்படியொரு மதிப்பில் நாணயம் அடித்திருக்காது என்று தோன்றியபோதுதான், தாள் முழுவதும் ஏதென்ஸ் முறையை மட்டுமே நம்பியிருந்தது எனக்கு உறைத்தது. ஏஜினாவின் திராக்மா சுமார் 6.1 கிராம், ஆகவே அந்த நாணயம் சரியாக இரண்டு திராக்மா, அதாவது ஸ்டேட்டர் எனப்படும் அந்நகரத்தின் முதன்மை நாணயம் ஒன்று. மற்றொரு கிரேக்க நகரமான கொரிந்துவின் நிலை இன்னும் நுட்பமானது. அங்கே சிறகுள்ள குதிரை பொறித்த ஸ்டேட்டரும் 8.6 கிராம்தான், ஏதென்ஸின் இரண்டு திராக்மாவும் 8.6 கிராம்தான், ஆனால் கொரிந்தியர் அதை மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.9 கிராம் கொண்ட மூன்று திராக்மாவாக எண்ணினார்கள். தராசில் ஒன்றாக நிற்கும் இரு நாணயங்கள் கணக்கேட்டில் வெவ்வேறு எண்ணாகப் பதிவாகும் என்பதை இந்த ஒரு எடுத்துக்காட்டே எனக்குத் தெளிவாக்கியது. அதன்பின் எடையைக் கேட்பதற்கு முன்பாக எந்த நகரத்து முறை என்று கேட்கும் கட்டத்தைத் தாளின் முதல் நெடுவரிசையில் வைத்தேன். நான் செய்த மாற்றங்களில் மிகப் பயனுள்ளது இதுவே.

மற்றொரு பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. 12.89 கிராமை உள்ளிட்டால் '2 திராக்மா 6 ஓபோல்' என்று தாள் காட்டியது. 6 ஓபோல் ஒரு திராக்மா என்பதால் அங்கே 3 திராக்மா என்றே வந்திருக்க வேண்டும். 12.89ஐ 4.3ஆல் வகுத்தால் 2.9977, தாள் முழு எண்ணைத் தனியே எடுத்துக்கொண்டு, மீதியை ஆறால் பெருக்கி, கிடைத்த 5.986ஐ 6 என்று முழுமையாக்கியிருக்கிறது. வரிசையை மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. ஓபோலில் எட்டில் ஒரு பங்கான கல்கூஸ் என்ற அலகுக்கு முதலில் எல்லாவற்றையும் மாற்றி, அங்கேயே முழுமையாக்கி, பிறகுதான் 48ஆல் வகுத்துத் திராக்மாவையும் 8ஆல் வகுத்து ஓபோலையும் பிரிக்கிறேன். 12.89 கிராம் என்பது 144 கல்கூஸ். அது பிசகில்லாமல் 3 திராக்மாவாக வந்து நிற்கிறது.

தராசைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 0.1 கிராம் மட்டும் காட்டும் சமையலறைத் தராசு இந்த வேலைக்கு உதவாது; அரை ஓபோல் நாணயம் 0.36 கிராம், கால் ஓபோல் 0.18 கிராம் என்ற அளவில் இருப்பதால், அதில் எடை பார்த்தால் எந்தச் சிறு காசையும் இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாது.

கடந்த ஆண்டு விடைக் கட்டத்தையே இரண்டாகப் பிரித்தேன். ஏதென்ஸின் சந்தைவெளியான அகோராவில் கிடைத்த, கி.மு. 500 அளவிலான அரசு வெண்கல எடைகளைப் பற்றிப் படித்ததே அதற்குக் காரணம். அவற்றில் ஸ்டேட்டர் எடை (மேலே சொன்ன நாணயம் அல்ல, அதே பெயர் கொண்ட பெரிய எடைக்கல்) 795 கிராம், அதன் கால் பங்கு 190 கிராம். நான்கு கால் சேர்த்தால் 760 கிராம்தான் வருகிறது. அதாவது ஒவ்வொரு கால் பங்கிலும் சுமார் இரண்டு திராக்மா குறைகிறது. ஊர்ப் பொது எடைகளே இப்படி இருக்கும்போது, நான் மட்டும் ஒரே எண்ணைத் தருவது பொருந்தாது என்று பட்டது. திராக்மாவை 4.30 கிராம் என்று கொள்வோரும் 4.36 கிராம் என்று கொள்வோரும் இருப்பதால், இரு எல்லைகளையும் தாள் இப்போது பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறது.

எடுத்துக்காட்டாக, சிற்பி ஃபெய்டியாஸ் செய்த அதீனா தெய்வச் சிலையில் கழற்றி எடுக்கக்கூடிய தூய பொன் 40 தாலந்து இருந்ததாக ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளிஸ் அந்நகர மக்களிடம் சொன்னார் என்று அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியுள்ளார். முன்பு என் தாள் அதற்கு 1,032 கிலோ என்று ஒற்றை விடை தரும். இப்போது 1,032 முதல் 1,046 கிலோ வரை என்று தருகிறது. இடைவெளியான 14 கிலோவே அரைத் தாலந்துக்கும் மேல்.