பூவா, இலையா? சூரியகாந்திக் குடும்பத்தை வகைப்படுத்தும் இரு வழிகள்

23,000-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட சூரியகாந்திக் குடும்பத்தில் பெரும்பிரிவுகளை வகுக்க, ஒரே பூப்போலத் தோன்றும் கொத்தில் உள்ள சிறுபூக்களின் சூல்தண்டையும் மகரந்தப்பையையும் நுணுகி ஆராயும் வழியே, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஹென்றி காசினி கையாண்ட அந்த வழியே, இன்றும் உறுதியானது என்பது என் கருத்து. இலையின் உள்ளமைப்பு வாழிடத்துக்கேற்ப மாறக்கூடியது என்பதால் அந்த இடத்தைப் பிடிக்க இயலாது. ஃபிளாவேரியா என்ற ஒரே பேரினத்திலேயே, நரம்பைச் சுற்றிய உறைச் செல்களில் பசுங்கணிகங்கள் செறிந்த சி4 இனங்களும் (கரியமில வாயுவைச் செறிவாக்கி ஒளிச்சேர்க்கை செய்பவை), அவை குறைந்த சி3 இனங்களும் (வழக்கமான முறையில் ஒளிச்சேர்க்கை செய்பவை), இரண்டுக்கும் இடைப்பட்டவையும் இருக்கின்றன.

பூ இல்லாதபோதோ நிலைமை வேறு. இக்குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளைக் கரிசலாங்கண்ணியையும் மஞ்சள் கரிசலாங்கண்ணியையும் பூத்த செடியில் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும்; அதே இலை காய்ந்து பொடியாகி நாட்டு மருந்துக் கடைக்கு வந்துவிட்டால், தேர்ந்த கண்ணும் தடுமாறும். அப்போது நுண்ணோக்கிதான் துணை. வெள்ளைக் கரிசலாங்கண்ணி இலையின் தூவி (இலைமேல் உள்ள நுண்மயிர்) பெரும்பாலும் மூன்று செல்களால் ஆனது. அதன் மேற்பரப்பெங்கும் சிறு புடைப்புகள் தெரியும். நுனிச் செல் மற்றவற்றைவிட மிகச் சிறியதாக, ஏறக்குறைய முக்கோணமாகக் கூர்ந்து முடியும். இக்குடும்பத்தில் புடைப்புள்ள தூவிகள் வேறு செடிகளிலும் உண்டு என்பதால், இலைத்துளையைச் சூழ்ந்த செல்களின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.