வெள்ளவத்தையில் ஓர் ஆலோசனை நிலையம்: 6 மாத அனுபவம்

மகனுக்கு 9 வயது. ஓட்டிசமும் ஏடிஎச்டியும் (கவனக்குறைவு, மிகைத்துடிப்பு) சேர்ந்தே இருக்கின்றன. (2013இல் டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க உளநல நோயறிதல் கையேடு வரும்வரை இரண்டையும் ஒரே ஆளுக்கு நோயறிதலாக எழுத விடவில்லையாம்.) முதலில் போன இடத்தில், "கண்ணைப் பார்த்துக் கதை" என்று அவன் நாடியைப் பிடித்துத் திருப்பினார்கள். அதோடு சரி.

இங்கே ஆலோசகர் தமிழிலேயே கதைக்கிறார். முதல் நாள் மகன் மேசைக்குக் கீழே போய் இருந்துகொண்டான். அவரும் தரையில் இருந்து, 100 பஸ் எங்கே போகும், 101 எங்கே போகும் என்று கேட்டார். பாணந்துறை, மொறட்டுவை என்று ஆரம்பித்தவன் அரை மணித்தியாலம் நிறுத்தவில்லை. பிறகு ஒரு நாள் மாமியையும் கூப்பிட்டார். குக்கர் விசிலுக்கு அவன் காதைப் பொத்துவது செல்லத்தில் இல்லை, அந்தச் சத்தம் அவனுக்கு உண்மையிலேயே நோகிறது என்று விளங்கப்படுத்தினார். இப்போது விசிலடிக்க முதல் "தம்பி, வருது" என்று மாமி குரல் கொடுக்கிறார். கொடுத்த காசு இதற்கே தகும்.

குறையும் உண்டு. காத்திருக்கும் அறையில் டியூப்லைட் இரைகிறது, அதுவும் இந்தப் பிள்ளைகள் வரும் இடத்தில்! படிவம் ஆங்கிலத்தில் மட்டும்தான். சனிக்கிழமைக்கு 3 வாரம் காத்திருக்க வேண்டும். முடிந்தால் வார நாளில் போங்கள்.