சென்னை கட்டாயம், பெங்களூரு அபராதம், டெல்லி தள்ளுபடி: மழைநீருக்கு எந்த விதி வேலை செய்கிறது?

வீட்டுக்காரரை மழைநீர் சேகரிக்க வைக்க மூன்று நகரங்கள் மூன்று வழிகளைப் பிடித்திருக்கின்றன. மூன்றிலும் ஓட்டை இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை.

சென்னையின் வழி கட்டாயம். ஏரிகள் வறண்டு கிடந்த 2003-இல் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பழைய வீடு, புது வீடு என்று பார்க்காமல் எல்லோருக்கும் கெடு வைத்தது. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்புக்கே ஆபத்து. வேகம் என்று பார்த்தால் இதை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. ஊரே மொட்டை மாடிக் குழாயைக் கிணற்றுக்கும், தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் குழிக்கும் திருப்பியது. சிக்கல் அதற்கப்புறம்தான். அமைத்ததைச் சோதித்தார்கள், பராமரிப்பைச் சோதிக்க ஆளில்லை. குழியில் போட்ட ஜல்லியும் மணலும் சில ஆண்டுகளில் சேறு அடைத்துப்போகும். எடுத்துக் கழுவிப் போடாவிட்டால் அது வெறும் மூடி போட்ட குழி. 2019 கோடையில் நகரம் மறுபடி லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது.

பெங்களூருவில் 2009-இல் குடிநீர் வாரியச் சட்டத்தைத் திருத்தினார்கள். பழைய வீடு என்றால் 60க்கு 40 அடி மனை, புதிது என்றால் 30க்கு 40 அடி. அந்த அளவுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் கட்டாயம். செய்யாதவர்களுக்குத் தண்ணீர் பில்லிலேயே அபராதம் சேரும். மாதாமாதம் கண்ணில் படுவது இதன் பலம். ஆனால் வசதியுள்ளவர்கள் அதையும் இன்னொரு கட்டணமாக நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். வாரியத்துக்கு வருமானம், நிலத்துக்குள் சொட்டு இறங்குவதில்லை.

டெல்லி தள்ளுபடி தருகிறது: தண்ணீர் பில்லில் 10 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாதம் 20,000 லிட்டர் வரை இலவசம் என்று 2015-இல் அறிவித்துவிட்டார்கள். பூஜ்யத்தில் 10 சதவீதம் எவ்வளவு? இருந்தாலும் அமைப்பு ஒழுங்காக இயங்குகிறது என்று சான்று காட்டினால்தான் சலுகை என்பதை மெச்சத்தான் வேண்டும்.

மழையின் குணமும் வேறு. 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 100 லிட்டர். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; கணக்குப்படி 1,40,000 லிட்டர், வழிந்து வீணாவது போக ஒரு லட்சத்துக்கு மேல் தேறும். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் மொத்தமாகக் கொட்டுவதால், அதைப் பிடித்துவைக்க எந்தத் தொட்டியும் போதாது. நிலத்துக்குள்தான் அனுப்ப வேண்டும். பெசன்ட் நகர் போன்ற மணல் பகுதியில் அது சுலபம், களிமண் பகுதியில் ஆழக் குழி தேவை. பெங்களூருவில் மழை பல மாதங்களுக்குப் பரவி வருவதால் சம்ப்பில் பிடித்து நேரடியாகப் புழங்கலாம். அங்கே போட்ட காசு வீட்டுக்காரருக்கே சீக்கிரம் திரும்புகிறது.

என்னைக் கேட்டால் கட்ட வைப்பதற்குச் சென்னை விதிதான் சரி. அதோடு டெல்லியின் சான்றை ஒட்டவைத்து, சலுகையைச் சொத்து வரியில் தரலாம். சோதனையைப் புரட்டாசியிலேயே முடித்துவிட வேண்டும். ஐப்பசி மழை இறங்கிய பிறகு குழியைத் திறந்து கழுவ எந்த பிளம்பரும் வரமாட்டார்.